இரண்டு தட்டு!

பெண்களிடம் வயதைக் கேட்கக் கூடாது என்பார்கள். எடையைக் கேட்பது அதைவிட மோசம். ஆனால், நான் போய்ச் சேர்ந்த இடத்தில் முதல் கேள்வியே அதுதான்.

"எத்தனை கிலோ இருப்பீங்க, அக்கா?"

"44" என்றேன். உங்களிடம் மறைப்பானேன்? அன்று காலைக் கணக்குப்படி நாற்பத்து மூன்றரைதான். கௌரவத்துக்காக அரைக் கிலோ சேர்த்துக்கொண்டேன். உயரம் 4 அடி 11 அங்குலம். வயதா? கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சமையலறையில் மேல் தட்டில் இருக்கும் பெருங்காய டப்பாவை எடுக்க முக்காலி தேடுகிற பேர்வழி நான். பள்ளிக்கூடத்தில் கோகோ ஆடியதோடு என் தேகப்பயிற்சி முடிந்துவிட்டது. இப்படிப்பட்டவள் சண்டை கற்றுக்கொள்ளப் போனேன் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள், பரவாயில்லை. என் மாமியாரும் சிரித்தார்.

சண்டை என்றால் ஏதோ ஒரு சண்டை அல்ல. 'எம்.எம்.ஏ.' என்று பெயர். எம்.எல்.ஏ.வுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. (அவர்களும் சில சமயம் சண்டை போடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.) குத்துச் சண்டையிலிருந்து கைக்குத்து, தாய்லாந்து தேசத்துச் சண்டையிலிருந்து உதையும் முழங்கால் இடியும், மல்யுத்தத்திலிருந்து இடுப்பைக் கட்டித் தூக்கிப் போடுவது, ஜியு-ஜிட்சுவிலிருந்து தரையில் உருண்டு கையையும் கழுத்தையும் மடக்குவது – எல்லாக் காய்களையும் ஒரே பாத்திரத்தில் போட்டுச் செய்த அவியல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நானாக ஆசைப்பட்டுப் போகவில்லை. ஆசைப்பட்டவள் என் மகள். மூன்று மாதத்துக்குப் பணம் கட்டினோம். நாலாம் நாள் அவளுக்கு நகம் உடைந்தது. ஐந்தாம் நாள் பரீட்சை வந்துவிட்டது. ஆறாம் நாள் ஆசையே போய்விட்டது. கட்டின பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம். பணம் வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்த இல்லத்தரசிக்கு மனம் வரும்? "பெண்ணுக்குப் பதில் நான் வரலாமா?" என்று கேட்டேன். வாயில் வந்துவிட்டது, கேட்டுவிட்டேன். அந்த மாஸ்டர் சிரிக்கவில்லை. எடையை மட்டும் கேட்டார்.

முதல் பிரச்னை சண்டையில் இல்லை, நகையில். மோதிரம், வளையல், தோடு, மெட்டி, மூக்குத்தி ஒன்றும் இருக்கக் கூடாது. நமக்கும் ஆபத்து, எதிராளிக்கும் ஆபத்து. மூக்குத்தியைக் கழற்றி இருபது வருஷம் ஆகியிருக்கும். சோப்பு நுரையைத் தடவி, கண்ணில் நீர் வழிய, அரை மணி நேரம் போராடினேன். தாலிச் சங்கிலிதான் தர்மசங்கடமாக இருந்தது. மாமியாரிடம் எப்படிக் கேட்பது? தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"கழுத்தைப் பிடிக்கிற இடத்துக்குக் கழுத்திலே மாட்டிக்கிட்டா போவே? சாமி அலமாரியிலே வச்சுட்டுப் போ. வந்து எடுத்துப் போட்டுக்க" என்றார். அவ்வளவுதான்! நாம் பெரிய மலையாக நினைத்துப் பயப்படுகிற விஷயங்கள் சில சமயம் மாமியார்களுக்குக் கடுகாகத் தெரிகின்றன.

புடவையும் சல்வாரும் அங்கே உதவாது. காலை ஒட்டின காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். ஊசி, கிளிப் இல்லாமல் கூந்தலை இறுகப் பின்னிக்கொள்ள வேண்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். கையில் சுற்றும் துணிப்பட்டை ஒவ்வொன்றும் நாலரை மீட்டர். ஒன்பது கஜத்தில் பாதிக்கு மேலேயே வரும். பல்லுக்கு ரப்பர் உறை. இவ்வளவு அலங்காரமும் செய்துகொண்டு, ஒரு மெத்தைக் கடைக்கு மேல் மாடியிலிருந்த அந்த ஹாலுக்குள் போய் நின்றேன். பதினாலு பேர். அதில் பெண்கள் ஐந்து. எல்லோரும் என்னைவிடப் பெரியவர்கள், எல்லோரும் என்னைவிடச் சின்னவர்கள். முதலாவது உடம்பில், இரண்டாவது வயதில்.

முதல் நாளே மூக்கில் குத்துவார்கள் என்று நினைத்துப் போயிருந்தேன். குத்தவில்லை. விழச் சொன்னார்கள்.

ஆமாம், விழத்தான்! முதல் பாடம் விழுவது. மல்லாக்க விழும்போது மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் பின்மண்டை தரையில் மோதாது. கையை ஊன்றித் தப்பிக்கப் பார்க்கக் கூடாது. ஊன்றினால் முழு எடையும் மணிக்கட்டில் இறங்கி எலும்பு போய்விடும். அதற்குப் பதில் இரண்டு கைகளையும் உடம்புக்குச் சற்று விலக்கி, உள்ளங்கை முதல் முழங்கை வரை தரையில் 'பட்'டென்று அறைய வேண்டும். விழுந்த வேகம் அங்கே சிதறிவிடும். ஒரு வாரம் விழுந்துகொண்டே இருந்தேன். குளியலறையில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்ட சொந்தக்காரர்களை எண்ணிப் பார்த்தேன். இந்த ஒரு பாடத்துக்கே கட்டின பணம் சரியாகிவிட்டது என்று தோன்றியது.

அடுத்தது, மல்லாந்து கிடந்தபடி இடுப்பைத் தூக்கிப் பின்னால் நழுவுவது. இறால் துள்ளுமே, அதே மாதிரி. இங்கிலீஷிலும் அதற்கு இறால் என்றுதான் பெயர். மேலே ஏறி உட்கார்ந்திருப்பவரின் அடியிலிருந்து வெளியே வர இதுதான் வழி. ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நான் இறாலாகத் துள்ளிக்கொண்டு போனதை என் வீட்டுக்காரர் ஒரு நாள் பார்த்துவிட்டார். அன்று ராத்திரி சாப்பாட்டின் போது அவர் வாயைத் திறக்கவே இல்லை. சிரிப்பை அடக்கினாராம்.

அந்த ஹாலின் சுவரில் ஒரு கிழவியின் படம் மாட்டியிருந்தது. ஜப்பானியப் பாட்டி. வெள்ளை உடுப்பு. "யார் மாஸ்டர் இது?" என்று கேட்டேன்.

"உங்க சைஸ்தான் அக்கா" என்றார் அவர்.

கெய்கோ புகுதா என்பது அந்த அம்மாளின் பெயர். 1913-ல் டோக்கியோவில் பிறந்தவர். உயரம் ஐந்தடிக்கும் குறைவு. எடை என் எடைதான். பூ அலங்காரம், தேநீர் உபசாரம், அழகாக எழுதும் கலை – குடும்பப் பெண்ணுக்கு உரியவை என்று அந்த நாட்டில் கருதியதையெல்லாம் கற்றுக்கொண்டு வீட்டோடு இருந்தவர். அவரைத் தம்மிடம் பயில வரும்படி அழைத்தவர் யார் தெரியுமா? ஜூடோ என்ற கலையையே உண்டாக்கிய ஜிகோரோ கானோ.

அந்தக் கானோவும் குள்ளம்தான். ஐந்தடி இரண்டங்குலம். பள்ளியில் முரட்டுப் பையன்களிடம் அடி வாங்கி வாங்கி வெறுத்துப்போய், 1877-ல், பதினேழு வயதில் ஒரு ஜியு-ஜிட்சு ஆசிரியரைத் தேடிப் போனார். அந்த ஆசிரியர்தான் நம் கெய்கோவின் தாத்தா. ஒரு பிடியைக் காட்டித் தூக்கி எறிந்தார் அவர். "கையை எப்படி வைப்பது? காலை எங்கே வைப்பது?" என்று பையன் கேட்டான். "வா" என்றார் ஆசிரியர், மறுபடி எறிந்தார். மறுபடி கேட்டான், மறுபடி எறிந்தார். இப்படியே விழுந்து விழுந்து கற்றவர் கானோ. பிற்பாடு, தம்மைவிட மிகவும் பருத்த ஒரு சக மாணவரை வீழ்த்த முடியாமல் திண்டாடியபோது, அவர் ஓடியது எங்கே என்கிறீர்கள்? நூல்நிலையத்துக்கு! மேல்நாட்டு மல்யுத்தப் புத்தகங்களைப் புரட்டி, எதிராளியைத் தோளில் ஏற்றிச் சுழற்றிப் போடும் ஒரு வித்தையைக் கண்டுபிடித்து வந்து அந்தப் பெரியவரைக் கவிழ்த்தார். 1882-ல் ஒரு புத்தர் கோயிலில் 12 பாய் விரித்துச் சொந்தப் பள்ளி தொடங்கினார்.

கெய்கோ அங்கே 1935-ல் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1960-களில் அமெரிக்காவில் குடியேறினார். பெண்களுக்கு 5-ஆம் படிக்கு மேல் பட்டம் கிடையாது என்பது பழைய விதி. வருஷக் கணக்கில் அந்தப் படியிலேயே நின்றார். 1972-ல்தான் 6-ஆம் படி கிடைத்தது. 2011-ல் அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்கு 10-ஆம் படியை, அதாவது உச்சப் படியைக் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 98. 2013-ல் காலமானார்.

இதைக் கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் நல்லதுதானே என்கிறீர்களா? பொறுங்கள்.

இரண்டாவது மாதத்தில் தரைச் சண்டை ஆரம்பித்தது. மல்லாந்து கிடந்தால் தோல்வி என்றுதானே நினைத்திருக்கிறோம்? அப்படி இல்லை. மேலே வருகிறவரின் இடுப்பை நம் இரண்டு கால்களாலும் கவ்விக்கொண்டால், அவர்தான் மாட்டிக்கொண்டார். நம் உடம்பில் பலமான பகுதி கால். பருத்தவரையும் அது தள்ளி நிறுத்தும். கானோ இதற்கு ஒரு கணக்குச் சொல்வாராம். எதிராளிக்குப் பலம் 10, எனக்கு 7. அவர் தள்ளும்போது நானும் எதிர்த்துத் தள்ளினால் நான் தோற்பேன். எதிர்க்காமல் அவர் தள்ளும் பக்கமே விலகி இழுத்தால் அவர் தடுமாறுவார். தடுமாறுகிறவரிடம் மிஞ்சுவது 3 தான். என் 7 எனக்கு அப்படியே இருக்கிறது! கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

ஆனால், இங்கே ஓர் உண்மையைச் சொல்லாவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவள் ஆவேன். 'வித்தை தெரிந்தால் போதும், உருவம் முக்கியமே இல்லை' என்று விளம்பரம் செய்கிறார்களே, அது பாதிப் பொய். 1993 நவம்பரில் அமெரிக்காவில் டென்வர் நகரில் எடைக் கணக்கே பார்க்காமல் எட்டுப் பேரை மோத விட்டார்கள். 80 கிலோ எடையுள்ள, ஒல்லியான, ராய்ஸ் கிரேஸி என்ற பிரேசில்காரர் பெரிய பெரிய ஆட்களையெல்லாம் பிடி போட்டு ஜெயித்தார். உலகமே வாயைப் பிளந்தது. ஏன் ஜெயித்தார்? அவருக்குத் தெரிந்த வித்தை மற்றவர்களுக்குத் தெரியாது. மற்றவர்களும் கற்றுக்கொண்ட பிறகு பழையபடி எடை பேச ஆரம்பித்தது. 1997-ல் அங்கேயும் எடைப் பிரிவுகள் வந்துவிட்டன. இரண்டு பேருக்கும் வித்தை தெரிந்தால், கனமானவருக்குத்தான் சாதகம். என் கை எட்டாத தூரத்திலிருந்து அவர் கை என் முகத்துக்கு வருகிறதே, அதற்கு நான் என்ன செய்வது? ஆறு மாதம் பழகிவிட்டு, 'இருட்டில் எவன் வந்தாலும் பார்த்துக்கொள்வேன்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓடுவதுதான் இன்றைக்கும் முதல் வித்தை.

அப்படியானால், என்னைப் போன்ற ஒரு சுண்டைக்காய், பூசணிக்காய்களோடு தினமும் உருண்டு பிழைப்பது எப்படி?

இரண்டு தட்டு!

கையையோ கழுத்தையோ எதிராளி பிடித்துவிட்டார், இனி தாங்காது என்றால், அவர் உடம்பிலோ தரையிலோ இரண்டு தடவை தட்ட வேண்டும். கை மாட்டிக்கொண்டிருந்தால் காலால் தட்டலாம். வாயால் 'தட்டு' என்று கத்தலாம். ஜப்பானியர் 'மைத்தா' என்பார்கள். 'தோற்றேன்' என்று அர்த்தம். தட்டின அதே நொடி எதிராளி விட்டுவிட வேண்டும். கேள்வி கிடையாது. 'இன்னும் கொஞ்சம்' கிடையாது. இந்தச் சட்டம் ஒன்று இருப்பதால்தான் 44 கிலோவும் 80 கிலோவும் ஒரே பாயில் உருள முடிகிறது. கழுத்துப் பிடி என்றால் விளையாட்டல்ல. இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அழுந்தினால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும். முழங்கைப் பிடி என்றால் அவருடைய முழு உடம்பின் பலம் ஒரு பக்கம், நம் ஒற்றை மூட்டு ஒரு பக்கம்.

முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். "வலிக்கிறதுக்கு முன்னாடியே தட்டுங்க அக்கா" என்று தினமும் சொல்வார் மாஸ்டர். நானும் தலையை ஆட்டுவேன்.

மூன்றாவது மாதம் ஒரு சாயங்காலம். எனக்கு ஜோடி ஒரு கல்லூரி மாணவி. 62 கிலோ. நல்ல பெண். என் வலது கையைப் பிடித்து, தன் இரண்டு கால்களையும் என் நெஞ்சின் குறுக்கே போட்டு, மெதுவாகத்தான் இழுத்தாள். வலித்தது. தட்டவில்லை. சுவரில் பாட்டி பார்த்துக்கொண்டிருந்தார், ரோஷம். இன்னும் கொஞ்சம் இழுத்தாள். பாவம், அந்தப் பெண் உற்சாகமாகச் செய்கிறாள், எதற்குக் கெடுப்பானேன் என்று ஒரு நினைப்பு. பல்லைக் கடித்துக்கொண்டேன். முழங்கைக்குள் 'டொக்'கென்று ஒரு சத்தம், விரல் சொடக்குப் போடுவது போல.

எலும்பு முறியவில்லை, தசைநார் அறுந்தும் அறாமலும் நின்றது. ஆறு வாரம் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என்னைவிட அதிகமாக அழுதாள். மாஸ்டர் கோபிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் அக்கா தட்டலை?" என்று கேட்டார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு கையால் காய் நறுக்கப் பழகிக்கொண்டிருந்த நாட்களில்தான் யோசித்தேன். கொதிக்கிற பால் பாத்திரத்தை இறக்கும்போது பிடிதுணி நழுவிவிடுகிறது. என்ன செய்வோம்? கீழே போடுவோமா? மேடையில் பத்திரமாக வைத்துவிட்டு, அப்புறம்தானே விரலை உதறுவோம்? பஸ்ஸில் பக்கத்து ஆசாமி இடித்துக்கொண்டே வந்தால், சத்தம் போட்டால் நாலு பேர் பார்ப்பார்களே என்று இறங்கும் இடம் வரை பொறுத்துக்கொள்வோம். பல் வலியை மகளின் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போடுவோம். பொறுத்துக்கொள்ளத்தான் எனக்கு நாற்பது வருஷப் பயிற்சி இருந்தது. 'போதும், விடு' என்று சொல்லத்தான் பயிற்சி இல்லை. அங்கே வரும் இளைஞர்கள் திமிரினால் தட்ட மாட்டார்கள். நான் மரியாதையினால் தட்டவில்லை. கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

பெரிய பயில்வான்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. டென்வரில் ஜெயித்த ராய்ஸின் தகப்பனார் ஹீலியோ கிரேஸி. ஒல்லியான மனிதர். 1951 அக்டோபரில் ரியோ டி ஜெனிரோ நகரில், தம்மைவிடக் கனமான ஜப்பானிய வீரர் மசாஹிகோ கிமுராவோடு மோதினார். கிமுரா அவருடைய கையை முதுகுப் பக்கம் முறுக்கினார். ஹீலியோ தட்டவில்லை. மேலும் முறுக்கினார், தட்டவில்லை. கை முறிந்தது. அப்போதும் தட்டவில்லை! கடைசியில் அவர் தரப்பிலிருந்து துண்டை வீசிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். இன்று வரை அந்தப் பிடிக்குக் 'கிமுரா' என்றே பெயர். ஹீலியோவை வீரர் என்று உலகம் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். மறுநாள் காலை இரண்டு கையாலும் மாவு பிசைய வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

அவரைவிட எனக்குப் பிடித்தது நம் பூஜா தோமர். உத்தரப் பிரதேசத்தில் முஜாபர்நகர் பக்கத்துக் கிராமத்துப் பெண். 52 கிலோப் பிரிவு. 2024 ஜூன் 8-ஆம் தேதி அமெரிக்காவில் லூயிவில் நகரில் ஒரு பிரேசில் பெண்ணைப் புள்ளிக் கணக்கில் வென்று, யு.எப்.சி. என்ற அந்தப் பெரிய அரங்கில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் என்று பெயர் வாங்கினார். பத்திரிகைகளெல்லாம் எழுதின. அடுத்த பந்தயம் 2025 மார்ச்சில் லண்டனில். இரண்டாவது சுற்றில் அதே முழங்கைப் பிடி, என் கையைப் பதம் பார்த்த பிடி. தட்டிவிட்டார். தோல்விதான். கை பிழைத்தது.

ஆறு வாரம் கழித்து நான் திரும்பிப் போனபோது மாஸ்டர் எனக்கு ஒரு விசித்திரமான பாடம் வைத்திருந்தார். சண்டை கிடையாது. ஐந்து பேர் வரிசையாக வந்து என்னைப் பிடிப்பார்கள். பிடி இறுகுவதற்கு முன்பே நான் தட்ட வேண்டும். "அவங்க விடறாங்களா இல்லையான்னு மட்டும் பாருங்க" என்றார். முதல் நாலைந்து தடவை கை எழும்பவில்லை. யாரோ விருந்தாளி வீட்டில் இரண்டாம் தடவை காபி கேட்பது போல வெட்கமாக இருந்தது. பிறகு தட்டினேன். விட்டார்கள். மறுபடி தட்டினேன். மறுபடி விட்டார்கள். 80 கிலோ இளைஞர் ஒருவர், என்னை மூட்டை போலக் கட்டியிருந்தவர், விரல் பட்ட மாத்திரத்தில் கையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இருபது தடவைக்கு மேல் ஆகியிருக்கும். திடீரென்று எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. வியர்வையைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டேன்.

"ஆண்களோடு உருண்டு புரள வேண்டுமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வேண்டாம் என்றால் வேண்டாம். பெண்களோடு மட்டும் பழகுகிறேன் என்று முதல் நாளே சொல்லிவிடலாம். நான் நாலு மாதம் அப்படித்தான் பழகினேன். அதற்கு முகம் சுளிக்கிற இடம் என்றால் அந்தப் படியிலேயே இறங்கி வந்துவிடுங்கள்.

உங்கள் பெண்ணையோ உங்களையோ சேர்க்க நினைத்தால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சுவரில் தொங்கும் பதக்கங்களைப் பார்க்காதீர்கள். யாராவது தட்டும்போது பாருங்கள். உடனே விடுகிறார்களா? சிரித்துக்கொண்டே இன்னும் ஓர் அழுத்து அழுத்துகிறார்களா? புதிதாக வந்தவரை முதல் வாரமே முரடர்களோடு மோத விட்டு வேடிக்கை பார்க்கிறார்களா? தலையில் அடி படும் சண்டையைப் புதியவர்களுக்கு வைக்கிறார்களா? ஆசிரியர் தாமும் மாணவரிடம் தட்டுகிறாரா? எங்கள் மாஸ்டர் தட்டுவார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அவரிடம் முழு நம்பிக்கை வந்தது. பாயை மருந்து போட்டுத் துடைக்கிறார்களா என்றும் பாருங்கள். துடைக்காவிட்டால் படர்தாமரை இலவசமாக வீட்டுக்கு வரும். வகுப்பு முடிந்து வந்ததும் குளித்துவிடுவது உத்தமம். ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு, எலும்புத் தேய்வு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

நான் சேர்ந்து இப்போது பதினாலு மாதம் ஆகிறது. பந்தயத்துக்குப் போகும் உத்தேசம் இல்லை. பெருங்காய டப்பாவுக்கு முக்காலி இன்னும் வேண்டியிருக்கிறது. போன மாதம் அந்த 62 கிலோப் பெண், என் கையிலே தழுவித் தழுவி அழுதவள், என் கழுத்துப் பிடியில் மாட்டிக்கொண்டு இரண்டு தட்டுத் தட்டினாள். விட்டேன். "சூப்பர் அக்கா!" என்றாள். அன்று ராத்திரி சப்பாத்தி நன்றாக உப்பியது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியாது.

வீட்டில் இந்தக் கதைகளையெல்லாம் சாயங்காலம் சொல்லுவேன். மாமியார் கேட்டுக்கொள்வது போலவும் இருக்கும், தொலைக்காட்சி பார்ப்பது போலவும் இருக்கும். போன வெள்ளிக்கிழமை அவருக்குக் கழுத்துப் பிடிப்பு. தைலம் தேய்க்க உட்கார்ந்தேன். வகுப்புக்குப் போய் வந்த கையல்லவா? கொஞ்சம் அழுந்திவிட்டது போலிருக்கிறது. "வலிக்கிறதா அத்தை?" என்று கேட்டால், "இல்லேம்மா, இல்லே" என்று சொல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கும் மனுஷி அவர். அன்று ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலில் இரண்டு தட்டுத் தட்டினார்.

கையை எடுத்துவிட்டேன்.